ஆள்காட்டி முட்டைகள் பேசாமலிருந்த காலை

ஓய்வு பெற்றவர்கள் தங்கள் வேலை அனுபவத்தை எழுதும் பகுதிக்கு என்னிடம் கட்டுரை கேட்டபோது சிரிப்புதான் வந்தது. எனக்கு இன்னும் ஒரு முடிகூட நரைக்கவில்லை. ஆனால் ஒரு வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்பது உண்மை. பெரம்பலூர், அரியலூர் பக்கத்து மானாவாரி நிலங்களில் தரையில் முட்டையிடும் பறவைகளின் கூடுகளைக் கண்காணிப்பது அந்த வேலை. திட்டம் முடிந்ததும் திருச்சிக்குப் போய் மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கத் தொடங்கிவிட்டேன்.

எழுத ஒப்புக்கொண்டதற்குக் காரணம் ஒரு போன். அதே வேலையை இப்போது புதிதாகத் தொடங்கியிருக்கும் குழுவிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"அக்கா, இப்பல்லாம் நாங்க காதே கொடுக்கறதில்ல. ரெக்கார்டிங்கக் கம்ப்யூட்டர்ல போட்டா, முட்டையில உசுரு இருக்கா இல்லையான்னு அதுவே சொல்லிடுது."

"எத்தன விதமா பதில் சொல்லுது?"

"எத்தன விதமான்னா? இருக்கு, இல்ல. ரெண்டுதான்."

"எங்ககிட்ட மூணு இருந்துச்சும்மா" என்றேன். அந்த மூன்றாவது பதிலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். காக்கை, கோழி, மயில் தவிர வேறு பறவைக்குப் பெயர் தெரியாது. ரெக்கார்டர்களைச் சரிசெய்ய ஆள் வேண்டும் என்றுதான் என்னை எடுத்தார்கள். முதல் வருடம் முழுக்க வெயிலில் நடக்கவும், காலடி பார்த்து வைக்கவும், மண்கட்டிக்கும் முட்டைக்கும் வித்தியாசம் காணவும் பழகினேன். அதற்கு மேல் அந்த வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

என் மேலதிகாரி நூர்ஜஹான் மேடம். என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். கூட்டுக்குப் போகுமுன் மோதிரத்தையும் வாட்ச்சையும் கழற்றிப் பையில் போட்டுவிடுவார். அந்த நிலத்து மண்ணையே இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்துக்கொள்வார். கையில் சோப்பு வாசனை இருக்கக் கூடாது. முட்டையைத் தொடும்போது பறவையைப் பார்த்து, "மன்னிச்சுக்கம்மா, இதோ போயிடுறோம்" என்று மெதுவாகச் சொல்வார். நான் அதை ஒரு நாளும் கேலியாக நினைத்ததில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டே செய்தால் கை பதறாது என்பதை நானே சொல்லிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இரண்டு பழக்கங்களை அவர் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை. ஒன்று, எந்தப் பதிவையும் கடைசி நொடி வரை கேட்பார். நாங்கள் எழுந்து நடக்கும் செருப்புச் சத்தத்தைக்கூட விட மாட்டார். இரண்டு, முட்டையிலிருந்து சத்தம் வராவிட்டால் 'உயிர் இல்லை' என்று எழுத விட மாட்டார். "உனக்குக் கேக்கல. அவ்வளவுதானே உனக்குத் தெரியும்? அத எழுது" என்பார். அதனால் எங்கள் பதில்கள் மூன்று: உயிர் உண்டு, உயிர் இல்லை, கேட்கவில்லை. முட்டை நாறினால், உடைந்தால், எறும்பு மொய்த்தால் மட்டுமே இரண்டாவது பதில்.

கேட்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் முறை கேட்டது ரஞ்சன்குடிக் கோட்டை மேட்டுக்குக் கீழே, ஒரு புதரடியில் இருந்த காடைக் கூட்டில். நாங்கள் நெருங்கியதும் தாய்க்காடை ஒரு சத்தமும் போடாமல் புல்லுக்குள் நழுவிவிட்டது. ஒலியெழுப்பும் சின்ன பஸ்ஸருக்குள் இருக்கும் பித்தளைத் தகட்டைக் கழற்றி நான் ஒரு மைக் செய்திருந்தேன். முட்டை அதன்மேல் பட்டால் ஓட்டின் மிகச் சிறிய அதிர்வும் ஹெட்போனில் கேட்கும். முட்டைகளுக்கு அடியில் அதைச் செருகிவிட்டுக் காதில் மாட்டினேன். 'டிக் டிக்' என்றது. ஒயர் லூஸாகிவிட்டது என்று இரண்டு முறை பற்றவைப்பைச் சோதித்தேன்.

"ஒயரு நல்லாத்தான் இருக்கு. டிக் டிக்னு சொல்றது முட்டை" என்றார் மேடம்.

பொரிப்பதற்குச் சில நாள் முன்பே குஞ்சு தன் அலகால் முட்டைக்குள் இருக்கும் காற்றறையைக் குத்தி மூச்சுவிடத் தொடங்குகிறது. அப்போதிருந்தே பேச்சும் தொடங்கிவிடுகிறது. காடை முட்டைகள் ஒன்றுக்கொன்று தட்டிக்கொள்கின்றன. பின்தங்கிய குஞ்சு அதைக் கேட்டு வேகம் பிடிக்கிறது, எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக வெளியே வருகின்றன. தரையில் பிறக்கும் குஞ்சுகளுக்கு இது அவசியம். தாய் கூட்டைவிட்டு நடந்துவிட்டால் கடைசியாக வருவதற்கு யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஓட்டுக்குள் இருந்தபடியே தம்பியை எழுப்பிவிடும் இந்த ஏற்பாட்டை முதன்முதலில் காதால் கேட்ட அன்று, வீடு வரும் வரை பஸ்ஸில் அந்தப் பதிவையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

அந்தக் காடைக் கூட்டை வைத்துத்தான் எங்கள் முறையை எழுதினோம். நடந்து போ, தகட்டைச் செருகு, பக்கத்திலேயே அசையாமல் உட்கார், கேள், எழுந்து வா. கௌதாரிக்கும் அது சரியாக வந்தது. ஆள்காட்டிக்கு மட்டும் வரவில்லை.

ஆள்காட்டியைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கம் இல்லை. நீண்ட மஞ்சள் கால், கண்ணருகே சிவப்புத் தோல். ஆள் நடமாட்டம் கண்டால் ஊரையே கூட்டும். கூடு என்று ஒன்றைக் கட்டாது. தரையில் சிறு பள்ளம், சுற்றிலும் நாலு கல். ஆலத்தியூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சரளையில் ஒரு கூட்டைப் பார்த்தோம். வெயிலில் வெள்ளைக் கல் கண்ணைக் குத்தியது. ஜீப்புக்குள்ளிருந்து பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தேன். தாய் எங்கேயோ தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்தது. சொட்டச் சொட்ட முட்டைகள்மேல் நின்று அவற்றைக் குளிரவைத்தது. உட்காருமுன் தலையைக் கீழே நீட்டியது. தொண்டை அசைந்தது. முட்டைகளிடம் ஏதோ சொல்கிறது என்று தெரிந்தது. ஆனால் நாங்கள் நடந்து போய்த் தகட்டை வைத்துக் கேட்டால், உள்ளே ஒரு சத்தமும் இல்லை. 'கேட்கவில்லை' என்று எழுதிவிட்டு வந்தோம். அடுத்த முறை போனபோது அந்த முட்டைகள் பொரித்துக் குஞ்சுகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆள்காட்டி முட்டையின் ஓடு தடிமனாக இருக்கும், என் தகடு போதவில்லை என்று நினைத்து வேறு தகடு மாற்றினேன். அதற்கும் கேட்கவில்லை.

இந்த நிலையில்தான் குன்னம் பக்கத்திலிருந்து பூங்கோதை அக்கா போன் செய்தார்.

பூங்கோதை அக்கா காலமெல்லாம் அடுத்தவர் கொல்லையில் விதை ஊன்றியவர்; எங்கள் பக்கம் மானாவாரி நிலத்துக்குக் கொல்லை என்றுதான் பெயர். அவர்கள் குடும்பத்தில் யாருக்கும் அதுவரை சொந்த நிலம் இருந்ததில்லை. அவரும், சிமெண்ட் லாரி ஓட்டும் அவர் கணவரும் சேர்ந்து அந்தத் தை மாதம்தான் ஒரு சிறு துண்டு மேட்டுக்கொல்லையை வாங்கியிருந்தார்கள். ஆடி மழை அடித்து ஊற்றியிருந்தது. மண்ணில் விதைப்பதற்கான ஈரம் இருந்தது. கரிசல் மண்ணில் அந்தப் பக்குவம் ரொம்ப நேரம் நிற்காது. காற்றடித்தால் மேல்மண் காய்ந்துவிடும். சொந்த நிலத்தில் முதல் மக்காச்சோள விதைப்பு. விதைக்கும் மெஷினைப் பின்னால் பூட்டிய டிராக்டர் வரப்பில் வந்து நின்றுவிட்டது. கிழக்கு ஓரத்தில் ஆள்காட்டி முட்டை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டிராக்டர் ஓட்டும் முருகேசன் அண்ணன் மட்கார்டுமேல் சாய்ந்துகொண்டிருந்தார்.

"வாங்க மேடம், வாங்க பாப்பா. இந்தக் கூமுட்டைக்கு டவுன்லேர்ந்து டாக்டருங்க வந்துட்டாங்க!"

"ஒன்னையப் பாக்க வரல தம்பி, சும்மா இரு" என்றார் பூங்கோதை அக்கா. பிறகு மேடத்திடம், "ஆனி மாசத்துலேர்ந்து ஒக்காந்துருக்குங்க மேடம். அந்த மழையில கொல்ல முழுக்கத் தண்ணி நின்னுச்சு. நான் வூட்டுல படுத்துக்கிட்டு அதத்தான் நெனச்சேன். காலைல வந்து பாத்தா முட்ட அப்படியே இருக்கு. உசுரு இருக்கா, ஊறிப்போச்சான்னு தெரியல" என்றார்.

"ஒதுக்கி ஓட்ட முடியாதாக்கா?" என்று கேட்டேன்.

"ஓட்டலாம் பாப்பா. ஆனா காலைலேர்ந்து நாங்க இங்க நடக்கறதுக்கே அது உக்கார மாட்டேங்குது. நாளெல்லாம் மெஷின் பின்னாடி நடந்தா அது எப்ப உக்காரும்? மழ விட்டு வெயிலு அடிக்குது பாரு. வெந்துபோயிரும்." பிறகு குரலை மாற்றிக்கொண்டு சொன்னார்: "உசுரு இருக்குன்னா சொல்லுங்க, நிறுத்திடுறேன். இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க, ஓட்டச் சொல்றேன். மழுப்பாம ஒண்ணு சொல்லிடுங்க."

"நிறுத்தினா அப்புறம் நான் எப்ப வருவேன்னு எனக்கே தெரியாதுக்கா. இந்த ஈரத்துக்கு எல்லா ஊருலயும் கூப்பிடுறாங்க" என்றார் முருகேசன் அண்ணன். அது மிரட்டல் இல்லை. அவர் போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது.

நாங்கள் கையில் மண் தேய்த்துக்கொண்டு போனோம். இரண்டு பறவைகளும் தலைக்குமேல் பாய்ந்து பாய்ந்து கத்தின. கூட்டைப் பார்த்ததும் மேடம் குனிந்து அப்படியே நின்றுவிட்டார். மழைத்தண்ணீர் நின்ற தடம் சுற்றிலும் வளையமாகத் தெரிந்தது. அதற்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் முட்டைகள் இருந்தன. பறவைகள் சிறு கல்லும் மண்கட்டியும் பொறுக்கி வந்து அடியில் சேர்த்து, கூட்டையே தூக்கியிருந்தன. "மாஷா அல்லாஹ்" என்றார் மேடம்.

நான்கு முட்டைகள், கூர்முனை உள்நோக்கி. ஓட்டில் கீறல் இல்லை, நாற்றம் இல்லை, எறும்பு இல்லை. தகட்டை அடியில் வைத்து, மேலே மண்தூள் தூவி, முட்டைகளை இருந்தபடியே அடுக்கினேன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டோம். பறவைகளின் கூச்சல் மட்டும் கேட்டது. முட்டைகளிலிருந்து ஒன்றும் இல்லை. ஹெட்போனை மாற்றிக் கேட்டோம். அப்போதும் இல்லை.

"டீ ஆறுது, வாங்க!" என்று வரப்பிலிருந்து பூங்கோதை அக்கா தூக்குவாளியைக் காட்டிக் கூப்பிட்டார். இன்னொரு முறை வந்து கேட்கலாம் என்று தகட்டை அப்படியே விட்டுவிட்டு, ரெக்கார்டரையும் அணைக்காமல் போனோம். டிராக்டருக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்து டீ குடித்தோம். குடித்து முடித்துத் திரும்பிப் போனோம். பறவைகள் மறுபடி கத்தின. முட்டைகள் மறுபடி ஊமையாக இருந்தன.

"என்னங்க மேடம்?" என்றார் பூங்கோதை அக்கா.

"எங்களுக்குக் கேக்கலம்மா."

"அப்ப இல்லன்னுதானே?"

"கேக்கல."

முருகேசன் அண்ணன் சாவியைத் திருப்பப் போனார். "ரெண்டும் ஒண்ணுதாங்க மேடம். எம்பொண்டாட்டிகூட அப்படித்தான், கூப்பிட்டா கேக்கலம்பா. வூட்டுல இருக்கமாட்டா."

"கொஞ்சம் பொறுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு மேடம் டிராக்டர் நிழலில் உட்கார்ந்து பதிவை முதலிலிருந்து போட்டார். நான் பொறுமையிழந்து நின்றேன். கேட்டதையே மறுபடி கேட்பதில் என்ன பயன்? நாங்கள் எழுந்து நடக்கும் செருப்புச் சத்தம் வந்திருக்கும், மேடம் நிறுத்தவில்லை. டீ குடித்த நேரம் முழுக்க ஓடியது. திடீரென்று அவர் கை உயர்ந்தது. ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தார்.

கூச்சல் அடங்கியிருந்தது. கல் உருளும் சத்தம். பறவை வந்து உட்காருகிறது. பிறகு தொண்டைக்குள்ளேயே உருளும், மிகத் தாழ்ந்த ஒரு குரல். அந்தப் பறவையிடம் அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. அதற்கு அடியிலிருந்து, ஓட்டுக்குள்ளிருந்து, மெல்லிய 'பீப்'. அப்புறம் இன்னொன்று. தாய் சொன்னது, முட்டைகள் பதில் சொல்லின. பிறகு தூரத்தில் எங்கள் பேச்சுக்குரல், சட்டென்று எச்சரிக்கைக் கூச்சல். அந்த நொடியிலேயே முட்டைகள் நின்றுவிட்டன.

என் தகட்டில் குறை இல்லை. ஓடும் தடிமன் இல்லை. காடை ஓசையில்லாமல் நழுவும். அதன் முட்டைகள் பேசிக்கொண்டே இருக்கும். ஆள்காட்டி கத்தும், அதன் முட்டைகள் வாயை மூடிக்கொள்ளும். கேட்பதற்காக நாங்கள் போய் உட்கார்ந்ததே அவை பேசாமல் இருந்ததற்குக் காரணம்.

"நெசமா இல்லையான்னு எல்லாரும் பாத்துரலாம்" என்றார் மேடம். ஒயரை நீட்டி டிராக்டர் வரை கொண்டுவந்தோம். நாலு பேரும் டிராக்டருக்குப் பின்னால் ஒண்டினோம். ஆள் தலை மறைந்ததும் பறவைகள் அடங்கின. நின்றிருக்கும் டிராக்டரை அவை சட்டைசெய்யவில்லை. கொஞ்ச நேரத்தில் தாய் குறுக்கும் நெடுக்கும் நடந்து வந்து உட்கார்ந்தது. ஹெட்போனைப் பூங்கோதை அக்காவிடம் கொடுத்தேன்.

அவர் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வாய் திறந்தது. "ஏ பாப்பா... உள்ளேருந்து பேசுது!"

"முருகேசண்ணே, இப்ப எந்திரிச்சு ஒரு தடவ நில்லுங்க" என்றேன்.

அவர் எழுந்து நின்றார். ஆண்பறவை கத்தியது.

"நின்னுருச்சு!" என்றார் அக்கா. "பட்டுனு நின்னுருச்சு! உக்காரு தம்பி, உக்காரு!" அவர் உட்கார்ந்தார். "திரும்ப ஆரம்பிக்குது. இன்னும் பொறக்கவே இல்ல, ஆயி சொன்ன பேச்ச எப்படிக் கேக்குது பாரேன்!"

முருகேசன் அண்ணன் ஹெட்போனை வாங்கி நீண்ட நேரம் கேட்டார். "எனக்கும் ரெண்டு இருக்கு" என்றார் கடைசியில். "போன கீழ வைன்னு தொண்ட கிழியக் கத்துறேன். வெளிய வந்தப்பறம் ஒண்ணும் ஆவறதில்ல போல. முட்டைலயே சொல்லிக்குடுத்துருக்கணும்."

சிரித்து முடித்ததும் எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். உயிர் இருக்கிறது என்று சொல்லியாகிவிட்டது. இனி அவர்தான் சொல்ல வேண்டும். மேடம் வாயே திறக்கவில்லை. அதுவும் அவர் வழக்கம்: காதில் கேட்டதைச் சொல்வார், செய்ய வேண்டியதைச் சொல்ல மாட்டார். அக்கா நிலத்தைப் பார்த்தார். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பார்த்தார். ஈரம் இருந்தது.

"டிராக்டரப் பாத்தா அது பயப்படலதானே?"

"எறங்கி நடக்கற ஆளப் பாத்தாதான் கத்துதுக்கா" என்றேன்.

"அப்ப யாரும் எறங்க வேணாம். தம்பி, மேக்கேருந்து ஆரம்பி. நான் வெதப்பொட்டிகிட்ட மெஷின் மேலயே ஒக்காந்துக்கறேன், பின்னாடி யாரும் நடக்க வேணாம். இந்தக் கெழக்கு மூலைய வுட்டுரு."

"மூல காஞ்சுரும்கா. அதுக்குன்னு திரும்ப மெஷின் வராது."

"யாரு ஒன்னையக் கூப்பிட்டா? கையால ஊணிக்கறேன். எத்தன பேரு கொல்லையில ஊணியிருக்கேன். எங் கொல்லையில ஒரு மூலைக்கு ஊண மாட்டனா?"

அப்படியே நடந்தது. அக்கா மெஷின்மேல் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, இன்னொரு கையால் விதையைத் தள்ளிவிட்டபடி, சொந்த நிலத்தில் முதல் விதைப்பை முடித்தார். நாங்கள் ஜீப்பை வரப்போரம் நிறுத்தி உள்ளேயே இருந்தோம். டிராக்டர் இரைச்சலில் ஹெட்போனில் எதுவும் கேட்கவில்லை. ஆனால் பைனாகுலரில் பார்த்தேன்: தாய் எழவே இல்லை. டிராக்டர் திரும்பும்போதெல்லாம் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்துக்கொண்டது.

மறுநாள் மதியம் போனோம். முட்டைகள் இல்லை, ஓடுகளைப் பறவைகள் தூக்கிப்போய் எங்கோ போட்டிருந்தன. நான்கு குஞ்சுகளும் ஈரம் காய்ந்து, நெட்டைக் காலோடு உழுசாலில் தடுமாறிக்கொண்டிருந்தன. எங்களைக் கண்டதும் ஆண்பறவை கத்தியது. குஞ்சுகள் அப்படியே தரையோடு படுத்தன. என் கண்முன்னே நான்கும் மண்கட்டிகளாகிவிட்டன. ஓட்டுக்குள்ளிருந்து கற்றுக்கொண்டதைத்தான் செய்தன: தாய் தகப்பன் கத்தினால் நீ அடங்கு.

அன்றிலிருந்து எங்கள் முறையை மாற்றினோம். தகட்டை வை, ஆள் மறை, பறவை திரும்பி உட்காரும் வரை பொறு. முன்பு 'கேட்கவில்லை' என்று இருந்த ஆள்காட்டிக் கூடுகள் எல்லாவற்றுக்கும் மேடத்தின் பிடிவாதத்தால் ஓர் அர்த்தம் வந்தது. 'உயிர் இல்லை' என்று எழுதியிருந்தால் அத்தனையும் பொய்யாகியிருக்கும்.

போன் செய்த பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். "மூணாவது பதில் ஒண்ணு சேக்கச் சொல்லும்மா" என்றேன். "அது சாஃப்ட்வேர் செஞ்சவங்ககிட்ட கேக்கணும்கா" என்றாள். கேட்டிருப்பாள் என்று நம்புகிறேன்.

அந்தக் கிழக்கு மூலையை அக்கா அடுத்த மழைக்குத்தான் ஊன்ற முடிந்தது. கதிர் வந்தபோது குன்னம் போகும் பஸ்ஸிலிருந்தே தெரியும்: மற்ற இடமெல்லாம் ஆளுயரம், அந்த மூலை மட்டும் இடுப்பளவு. "ரோட்டுல போறவங்கல்லாம் கேக்குறாங்க பாப்பா, ஏன் பூங்கோதை, அந்த மூல மட்டும் குட்டையா நிக்குதுன்னு. அது தூங்கி எந்திரிக்க லேட்டாயிருச்சுன்னு சொல்லிட்டேன்" என்றார்.

இந்த ஆடியில், ஆவணியில் நடக்கப்போகும் ஒரு கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுக்க அந்தப் பக்கம் போனேன். முதல் நாள் நல்ல மழை. முருகேசன் அண்ணன் டிராக்டரோடு வரப்பில் நின்றிருந்தார். நான் கொல்லையில் கால் வைத்ததும் தலைக்குமேல் ஒரு ஆள்காட்டி பறந்து வந்து கத்தியது.

"இந்த வருசமும் வெச்சிருக்கா பாப்பா?" என்றார் அக்கா.

கண்ணால் தேடினேன். என்னிடம் தகடும் இல்லை, ரெக்கார்டரும் இல்லை. "கூடு கண்ணுல படலக்கா."

"சத்தம் ஏதாவது?"

"கேக்கல."

அக்காவுக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. விதைப்பையைத் தோளில் தூக்கிக்கொண்டு மெஷின்மேல் ஏறி உட்கார்ந்தார். "தம்பி, ஓட்டு" என்றார். "கீழ மட்டும் எறங்காத."